ஏழாம் அறையின் ஜன்னல்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம்தானே? இங்கே என் மூட்டுவலி எனக்கு முன்னால் எழுந்து ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறது. மற்றபடி குறையில்லை.

போனில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவாய் என்றுதான் கடிதம். சிறையில் இருப்பவர்களை எப்படி நடத்த வேண்டும் என்று உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதிகளோடு ஒவ்வொரு நாட்டின் நடப்பையும் ஒப்பிட்டு அட்டவணை போடுவது என் வேலை. இந்த முறை நம் நாடு என் மேஜைக்கு வந்திருக்கிறது. நீயோ அங்கே சிறைக் கண்காணிப்பாளர். இரண்டே கேள்வி. தனியறையில் இருப்பவரால் பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா? யாரையாவது பதினைந்து நாளுக்கு மேல் தனியாக அடைக்கிறீர்களா?

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுகிறவள், அதிலும் விசாரணைக் கமிஷன் வைக்கிறாய். உன் மருமகளுக்கு முன்பல் விழுந்த படம் இதோடு இருக்கிறது. அதைப் பற்றியும் நாலு வார்த்தை எழுது.

எங்கள் விதிப்புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. உன் உலக விதியை அச்சுப் பிசகாமல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தனியறைக்கும் ஜன்னல் உண்டு. 'ஆம்' என்று போட்டுவிட்டு ஆளை விடு.

தம்பி

மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

மருமகளின் படத்தை ஆபீஸ் முழுக்கக் காட்டிவிட்டேன். அச்சு அசலாக உன் சிரிப்பு, பாவம்.

ஜன்னல் உண்டா என்று நான் கேட்கவில்லை. படிக்க முடிகிறதா என்று கேட்டேன். எல்லா நாட்டு விதிப்புத்தகமும் அழகாகத்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் உள்ளே உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல். கோபித்துக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 25

அக்கா,

கோபம் வந்தது. உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே ஒரு வாரம் திரிந்தேன். நேற்றுக் காலை பதினொரு மணிக்கு ஏழாம் அறைக்குப் போனேன். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வேலை?" என்றார் வார்டன். உள்ளே இருந்தவர் சுவரோரம் ஒதுங்கி இடம் கொடுத்தார். கதவைச் சாத்தச் சொல்லி, உன் கடிதத்தைப் பிரித்தேன். உன் கையெழுத்து கோழிக் கிறுக்கல் என்பது தனி விஷயம். காகிதத்தில் எது மேல், எது கீழ் என்றே தெரியவில்லை. ஜன்னல் இருக்கிறது. அதற்கு ஒரு முழம் தள்ளி, போன வருஷம் கட்டிய கிடங்கின் சுவரும் இருக்கிறது. அங்கே கட்டலாம் என்று இடம் காட்டியது நான்தான்.

"எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்ணு சார். கண்ணு பழகிடுச்சு. குளிக்கக் கூட்டிட்டுப் போறப்பதான் வெளிச்சம் குத்துது."

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதினைந்தாம் நாள் காலையில் வெளியே விட்டதாகவும் அன்று மாலையே மறுபடி அடைத்ததாகவும் இரண்டு முறை எழுதியிருக்கிறது. இரண்டுக்கும் கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டிருக்கிறேன்.

இது தம்பி அக்காவுக்கு எழுதியது. உன் அட்டவணைக்கு அல்ல.

தம்பி

ஏப்ரல் 10

அன்புத் தம்பிக்கு,

அந்த இரண்டு கட்டத்திலும் 'தகவல் இல்லை' என்று எழுதிவிட்டேன். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாருமே இல்லையா என்று மேலதிகாரி அம்மா கேட்டார். இல்லை என்றேன். இருபத்திரண்டு வருஷ வேலையில் தெரிந்தே சொன்ன முதல் பொய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. உன் வயிற்றில் அடிக்கிற கேள்வியை நான் கேட்டிருக்கவே கூடாது. மாதக் கடைசியில் அறிக்கை அச்சுக்குப் போகிறது. அதன் பிறகு இந்தப் பேச்சை விட்டுவிடுவோம்.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஏழாம் அறைக்காரரைப் பொதுப் பகுதிக்கு மாற்றிவிட்டேன். கிடங்குச் சுவரைப் பற்றியும் பதிவேட்டைப் பற்றியும் இலாகாவுக்கு என் பெயரிலேயே எழுதி அனுப்பினேன். அதில் இருப்பது என் கையெழுத்து என்பதையும் எழுதினேன். நகல் உள்ளே இருக்கிறது. மூன்றாம் நாளே மேலிடத்திலிருந்து போன். "என்னய்யா ஆச்சு உங்களுக்கு? நல்லாத்தானே இருந்தீங்க?"

இடமாற்றமா, சஸ்பெண்டா, இன்னும் தெரியவில்லை. உன் தம்பி மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை, "எந்த ஊரா இருந்தாலும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வீடு பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

உன் இரண்டு கட்டத்தையும் திருத்து. ஆதாரம் என்ற இடத்தில் என் பதவியைப் போடு. அது இன்னும் எத்தனை நாளைக்கு என்னுடையது என்று தெரியாது, அதனால் சீக்கிரம் போடு.

உன் தம்பி