விலை சிவப்பாக இருந்தால் காப்பி கிடையாது

அன்பு மகள் வென்லாவுக்கு,

ஈசால்மியிலிருந்து உன் பெரியப்பா ஊர்போ எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் உயிரோடும் ஓரளவு சூட்டோடும் இருக்கிறோம், நீயும் நியூசிலாந்தில் நலமாகத்தான் இருப்பாய், இல்லாவிட்டால் பெரியம்மாவின் கைபேசி இதற்குள் அலறியிருக்கும். கைபேசி இருக்க இந்த மனிதர் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று கேட்பாய். என்னுடையது மீன் பிடிக்கப் போனபோது உறைந்த ஏரியில் வெட்டிய பனித்துளைக்குள் விழுந்துவிட்டது, ஏரிக்கு அடியில் ஒரு மீன் அதில் தன் சொந்தக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும். மிஞ்சியது பெரியம்மாவுடையது, அதில் நான் எழுதும் ஒவ்வொரு எழுத்தும் அவள் கண்ணில் படாமல் போகாது. ஆகவே பின்லாந்தின் முதல் எண் கைதி காகிதத்தில் எழுதுகிறான், படித்ததும் கிழித்துப்போடு.

விமானம் ஏறும் முன் அவள் கைபேசியில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தாயே, மின்சாரம் கால் மணிக்குக் கால் மணி என்ன விலை என்று காட்டுவது. "விலை குறையுற நேரமா பாத்து மெஷின் போடுங்க பெரியம்மா, மாசம் நாப்பது யூரோவாவது மிஞ்சும்" என்று சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு அவள் இருந்த இருப்பு உனக்குத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் நானூறு பிள்ளைகளுக்கு நிமிடம் தவறாமல் சாப்பாடு போட்டவள், வேலையும் முடிந்து நீயும் போனபின் பகல் இரண்டு மணிக்கே சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். என் பொய்களுக்குக்கூட மறுபேச்சு இல்லை. அந்தச் செயலிதான் அவளை எழுப்பி உட்கார வைத்தது. உட்கார வைத்ததோடு விட்டதா, சிம்மாசனத்தில் அல்லவா ஏற்றிவிட்டது! விலை பச்சையாக இருந்தால் காப்பி, சிவப்பாக இருந்தால் தண்ணீர். காலையில் அடுப்புப் பக்கம் போனால் "ஊர்போ, கையை எடு!" என்று ஒரு சத்தம், வடதுருவத்தில் கரடிகள் கையை எடுத்திருக்கும். துணைக்கு அக்கம்பக்கத்து ஆறு வீடும் சேர்ந்துகொண்டது, வாசலில் நின்று "ஹில்க்கா, இன்னிக்கு எப்ப துவைக்கலாம்?" என்று கேட்டு, அவள் சொன்ன நேரத்துக்கு ஆறு இயந்திரமும் ஒன்றாகச் சுற்றும், ஊரே அதிரும்.

அதையெல்லாம் பொறுத்தேன். சனிக்கிழமை சாயங்கால சவுனாவில் கை வைத்தாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் அப்பனும் பாட்டனும் போர்க்காலத்தில்கூட விடாத நீராவிக் குளியல். "சனிக்கிழமை யூனிட் முப்பத்தெட்டு செண்ட், செவ்வாய்க்கிழமை காத்தடிக்குது, காத்தாலை நல்லா சுத்தும், பதினோரு மணிக்கு ஒரு செண்ட், அப்ப குளிச்சுக்கோ" என்றாள். செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் நான் சிவந்துபோய் வெளியே வந்து ஆவி பறக்க நிற்கிறேன், பக்கத்து வீட்டுத் தைஸ்தோ பனி அள்ளுவதை நிறுத்திவிட்டு, "என்னப்பா, செஞ்ச பாவத்தைக் கழுவ சனிக்கிழமை வரைக்கும் தாங்கலையா?" என்கிறான்.

அந்த வியாழக்கிழமை அவள் நீச்சல் குளத்து உடற்பயிற்சிக்குப் போனாள், மலிவு நேரம் என்று கைபேசியைச் சார்ஜில் செருகி வைத்துவிட்டுப் போனாள். நான் அதை எடுத்து, அடையாளத்துக்கு வங்கி ரகசிய எண்ணைப் போட்டு, மின்சாரக் கம்பெனியோடு இரண்டு வருடத்துக்கு எந்த நேரமும் ஒரே விலை என்று புது ஒப்பந்தம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை அது நடப்புக்கு வந்ததும் காலை ஏழு மணிக்கு, கடும் சிவப்பில், காப்பி வைத்தேன். அவள் கத்த வாயெடுத்தாள், நான் சக்கரவர்த்தி மாதிரி புது ஒப்பந்தத்தை அறிவித்தேன். திட்டுவாள் என்று பார்த்தேன் மகளே, திட்டவில்லை. "அப்படியா, இனி எப்ப வேணா குடிச்சுக்கோ" என்று கைபேசியை ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்குக் கிடைத்த விடுதலையை எந்தச் சிறையிலும் தரமாட்டார்கள். ஒரு நாளைக்கு எட்டு காப்பி குடித்தேன், எட்டும் கசந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு ராஜாவாக சவுனாவில் உட்கார்ந்தேன், அவளும் வந்தாள், ஆவி கிளம்ப அந்தச் சுடுகல்லில் ஒரு கரண்டி தண்ணீர்கூட ஊற்றவில்லை. தைஸ்தோவின் மனைவி வாசலில் வந்து நாளை எப்போது துவைக்கலாம் என்று கேட்டாள், இவள் "எங்க வீட்ல இப்ப விலை கிடையாது" என்று கதவைச் சாத்தினாள். மணி இரண்டு. போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கதவைத் திறந்தால் வெளியே போகலாம், எங்கே போவது? என்னிடம் பேச அந்த வீட்டில் காப்பிச் சட்டி மட்டும்தான் இருந்தது.

இப்படி எழுதும் ஒப்பந்தத்தைப் பதினான்கு நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். பதின்மூன்றாம் நாள் அவள் தூங்கும்போது நானே கைபேசியை எடுத்து, என் விரலாலேயே அமுக்கி, வேண்டாம் என்றேன். எழுப்பி, "கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான் ஹில்க்கா, கணக்குப் பார்த்தா பெரிய நஷ்டம், எனக்கு இந்த வேலை வராது, நீயே பாரு" என்றேன். "நீயாவது, கணக்காவது" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். பழைய கணக்கு நேற்றுத்தான் மறுபடி நடப்புக்கு வந்தது. இன்று காலை ஏழு மணிக்குச் சட்டியைத் தொட்டேன், "ஊர்போ, கையை எடு! ஒன்பதே கால் வரைக்கும் அடுப்பு கிடையாது!" என்று சமையலறையே அதிர்ந்தது. கையை எடுத்துக்கொண்டு, பச்சைத் தண்ணீரைக் குடித்தேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சலுகை என்று கடைக்காரன் செய்தி அனுப்பினால் தேவையில்லாததை வாங்காதே, எல்லா நலமும் உனக்கு வரட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எப்படி இருக்கீங்க என்று அவளைக் கேட்காதே, நல்லா இருக்கேன் என்று முடித்துவிடுவாள். நாளைக்கு விலை எப்படி பெரியம்மா என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒன்பதே கால் ஆவதற்காகக் காத்திருக்கும்
உன் பெரியப்பா ஊர்போ