திறக்கும் என்ற சொல்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நோயாளிகளுக்கு இதமான கட்டடம் கட்டுவது பற்றிய உன் கையேடு வந்து சேர்ந்தது. அட்டையில் உன் பெயரை வார்டு முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன். பதினெட்டு வருட நர்ஸ் வேலையில் நான் பார்த்து எழுதி அனுப்பியதெல்லாம் அச்சில் இருக்கிறது. கழிவறை வரை கைப்பிடி, கண்ணைக் குத்தாத விளக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக 'ஒவ்வொரு கட்டிலுக்கும் அருகே திறக்கும் ஜன்னல்'. எங்கள் புது நெஞ்சுநோய் வார்டையும் நீதான் வரைகிறாயாமே, இனி எனக்கென்ன கவலை. வேளாவேளைக்குச் சாப்பிடு. எலும்பும் தோலுமாக வந்து நிற்காதே.

அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்காவுக்கு,

கையேட்டின் இரண்டாம் பதிப்பை அனுப்பியிருக்கிறேன். ஒன்றிரண்டு சொல் திருத்தம், அவ்வளவுதான். நன்றியுரையில் முதல் பெயர் உன்னுடையது. வார்டை ஏற்கும் குழுவில் நீயும் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரொம்ப ஆராயாமல் கையெழுத்துப் போட்டுவிடு.

உன் தம்பி

ஆகஸ்ட் 2

தம்பிக்கு,

உன் திருத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். 'திறக்கும்' காணாமல் போயிருக்கிறது. நேற்று புது வார்டுக்குப் போனேன். இருபது ஜன்னல், ஒன்றில்கூடக் கீல் இல்லை. நான் நிற்கும்போதே கரண்ட் போய் ஏசி நின்றது. பத்து நிமிடத்தில் எனக்கே மூச்சு முட்டியது. மேஸ்திரியிடம் கேட்டால், "சார் சொல்லித்தாம்மா அடைச்சோம். புக்லயும் வெறும் ஜன்னல்னுதானே போட்டிருக்கு" என்கிறார்.

என் சொல்லை எடுத்துவிட்டு என் பெயரை மட்டும் வைத்துக்கொண்டாய். கூடப் பிறந்தவளின் கழுத்தை அறுக்க உனக்கு எப்படி மனசு வந்தது?

அக்கா

ஆகஸ்ட் 11

அக்கா,

திறக்கும் ஜன்னல் என்றால் செலவு ஏறி வேலையே கைநழுவிப் போயிருக்கும். அந்தச் சொல்லைப் புத்தகத்தில் விட்டுவைத்தால் என் வரைபடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். நீ கையெழுத்துப் போடாவிட்டால் என் பெயர் நாறிவிடும். நான் உன் தம்பி இல்லையா?

ஆகஸ்ட் 20

கட்டடக் கலைஞர் அவர்களுக்கு,

இந்த வார்டில் நோயாளிகளைப் படுக்கவைக்க முடியாது என்று குழுவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். இரண்டு பதிப்புகளையும் இணைத்திருக்கிறேன். திங்கட்கிழமை உங்களை விசாரிக்கக் கூப்பிடுவார்கள். ஜன்னல் பற்றிக் கேள்வி கேட்கப்போவது நான்தான்.

அங்கே என்னை அக்கா என்று கூப்பிட வேண்டாம். கூப்பிட்டால் என்னால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாமல் போய்விடும்.

மூத்த செவிலியர்,
நெஞ்சுநோய் வார்டு