ஓங்கில் குழுவில் ஒற்றன்

ஜூலை 6

குறுவைக்குக் களை எடுக்க வருவதாகச் சொன்ன ஆட்கள் வரவில்லை. நானே இறங்கினேன். இடுப்பு விட்டுப்போச்சு.

மாலையில் செம்மணல்துறை கடற்கரையில் எங்கள் குழுவின் கூட்டம். டால்பினைத் தொட்டியில் அடைக்காதே என்று நாங்கள் பேசப் போனால், அடைக்கப்போகிற கம்பெனிக்காரன் முந்தின நாளே வந்து மீனவர்களுக்கு ஐஸ்பெட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். கூட்டத்துக்கு நாங்களும் ஒரு நாயும்தான். எங்கள் தேதி அவனுக்கு எப்படித் தெரிந்தது?

ஜூலை 9

கம்பெனி நோட்டீஸ் கையில் கிடைத்தது. டால்பின் காட்சி நடத்த அரசு விடாது. அதனால் ‘கடல் உயிரின மறுவாழ்வு மையம்’ என்று பெயர். அடிபட்டு ஒதுங்கும் ஓங்கிலுக்கு வைத்தியமாம் (கடலோரத்தில் டால்பினை ஓங்கில் என்றுதான் சொல்வார்கள்). படத்தில் தொட்டியைச் சுற்றிப் படிப்படியாகக் கேலரி. ஆஸ்பத்திரிக்கு எதற்குய்யா கேலரி?

வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஒரு ஓட்டல் தொட்டியில் ஓங்கிலைப் பார்த்தேன். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. இங்கே அது நடக்கக் கூடாது.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் செம்மணல்துறை மக்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டால் கம்பெனி நகர முடியாது. ஆனால் அங்கே கை தூக்க அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் உரிமை. எங்கள் குழுவில் அந்த ஊர் ஆள் ஒரே ஒருத்தி. லத்தீஃபா. போன மாதம்தான் சேர்ந்தாள்.

ஜூலை 20

மறுபடியும்! பள்ளிக்கூட மைதானத்தில் எங்கள் கூட்டம். அதே நேரத்தில் பக்கத்துக் கொட்டகையில் கம்பெனியின் இலவசக் கண் சிகிச்சை முகாம். ஊரே அங்கே நிற்கிறது. கம்பெனி மேனேஜர் சாமிதுரை என்னைப் பார்த்து, “வாங்க சார், ஒங்களுக்கும் டெஸ்ட் பண்ணிரலாம்” என்கிறான். அத்தனை பேர் முன்னால்.

நமக்குள்ளேதான் எவனோ. அல்லது எவளோ.

ஜூலை 21

போன இரண்டு தடவை போலவே, கூட்டத்தன்று காலையில் கட்ட, அடுத்ததற்கும் ஃபிளெக்ஸ் அடிக்கும் பேச்சு. இந்தப் பக்கத்தில் டீக்கடை திறந்தாலும் ஃபிளெக்ஸ், காது குத்தினாலும் ஃபிளெக்ஸ். அது இல்லாமல் எவன் வருவான்? இதுவரை என் படம் மட்டும்தான்; இந்தத் தடவை எல்லோர் படமும் போடலாம் என்றேன், செயலாளர் என்பதால் என்னுடையது நடுவில். லத்தீஃபா ஒருத்திதான் தன் படம் வேண்டாம் என்றாள்.

“ஃபிளெக்ஸே வேணாண்ணே. ஓங்கில் வயித்துல பிளாஸ்டிக் கெடக்குன்னு நாமதான் பேசுறோம். வீடு வீடாப் போய் சொல்லுவோம்.”

பேச்சு நியாயம்தான். ஆனால் முகத்தைக் காட்ட என்ன பயம்? அவள் வந்த பிறகுதானே இதெல்லாம் ஆரம்பித்தது? அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போகிறாளே, யாரிடம் பேசுகிறாள்?

நீலாம்பாளிடம் சொன்னேன். “ஏங்க, ஒங்களுக்குப் பொண்டாட்டி கொடுக்குற காப்பி மேலயும் சந்தேகம். அது கெடக்கட்டும், ஃபிளெக்ஸுல ஒங்க மூஞ்சி ஓங்கிலவிடப் பெருசா இருக்கே, ஏன்?” என்கிறாள். கட்டியவளே கிண்டல் செய்தால் வெளியே எவன் மதிப்பான்.

ஆகஸ்ட் 3

மூன்றாவது தடவையும் எங்கள் கூட்டத்துக்குக் கம்பெனி முந்திக்கொண்டது. இனி பொறுக்க முடியாது.

ஆகஸ்ட் 4

லத்தீஃபாவை வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினேன். ‘தகவல் கசிவதால்’ என்று ஒரு வரியும் போட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவளும்தான். கேட்காததே ஒரு சாட்சி இல்லையா?

ஆகஸ்ட் 12

எப்படி எழுத.

கிராம சபைக்கான ஃபிளெக்ஸ் வாங்கப் பட்டுக்கோட்டையில் தியாகராசன் கடைக்குப் போனேன். இந்த வட்டாரத்துக்கே அவர்தான் அடித்துக் கொடுப்பார். வாசல் கம்பியில் எங்கள் ஃபிளெக்ஸ் காய்கிறது. ஊர், தேதி, நேரம், நடுவில் நான். அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு, டீ குடித்துக்கொண்டு சாமிதுரை. தன் கம்பெனி ஃபிளெக்ஸுக்காகக் காத்திருக்கிறான்.

“படம் நல்லா வந்திருக்கு சார்” என்றான். அதைப் போனில் பிடித்தும்விட்டான்.

“எப்பவும் இப்படி வெளியிலதான் போடுவீங்களா?” என்று தியாகராசனைக் கேட்டேன். “ஈரத்தோட சுருட்டுனா ஒங்க மூஞ்சிதான் சார் இழுவிக்கும்” என்றார்.

மூன்று தடவையும் ஒற்றன் நான்தான். கலர் போட்டு, பெரிய எழுத்தில். வெட்கமாக இருக்கிறது. அந்தப் பெண்ணை என்ன பாடு படுத்திவிட்டேன்!

ஆகஸ்ட் 13

செம்மணல்துறை போனேன். லத்தீஃபா வாசலிலேயே நின்று பேசினாள். மன்னிச்சிரும்மா என்றேன். உன் மேல் தப்பில்லை என்று குழுவிலும் எழுதிவிட்டேன் என்றேன்.

“எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணே” என்றாள். “அதுக்குள்ள ஊரெல்லாம் பரவிருச்சு. கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டேன்னு எங்க தெருவுலயே பேசுறாங்க. இனிமே நான் கூப்பிட்டா எந்தப் பொம்பள கிராம சபைக்கு வருவா?”

தீர்மானம் போச்சு. என்னால்தான் போச்சு.

ஆகஸ்ட் 15

வெளியூர்க்காரன் என்பதால் ஊராட்சி அலுவலகத்துக்கு வெளியே, ஜன்னலோரம் நின்றேன். உள்ளே முன்வரிசை முழுக்கக் கம்பெனிக்கு வேண்டியவர்கள். பத்து மணிக்கு லத்தீஃபா தனியாக வந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய தெருப் பெண்கள் வந்தார்கள், பிறகு மீனவர் தெருப் பெண்களும். இரண்டு நாளும் ஒவ்வொரு வாசலாக ஏறியிருக்கிறாள். “என்னைக் குழுவுலேருந்து தள்ளிட்டாங்க. அவங்களுக்காக வரல, நம்ம கடலுக்காக வந்தேன்” என்று சொன்னாளாம்.

எழுந்து பேசினாள். “ஓங்கில் வலையில மாட்டுனா நம்ம ஆம்பளைங்க என்ன செய்வாங்க? வலைய அறுத்து விடுவாங்க. வல போனாப் போவுதும்பாங்க. புடிச்சுக் காட்டிக் காசு பண்ணணும்னு யாருக்காவது தோணிருக்கா?”

பின்னால் நின்ற மீனவர்கள் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். ஐஸ்பெட்டி வாங்கியவர்களும் தூக்கினார்கள். தீர்மானம் நிறைவேறியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். வெளியே வந்தபோது அவள் என்னைக் கடந்துதான் போனாள்.

ஆகஸ்ட் 24

சாயங்காலம் லத்தீஃபாவிடமிருந்து போன். கம்பெனி இப்போது வேறு கடற்கரை பார்க்கிறதாம். நாளைக்குப் பெண்கள் எல்லோரும் அங்கே போகிறார்கள்.

“வர்றதா இருந்தா ஏழு மணிக்கு அதிராம்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்கு வாங்கண்ணே.”

“எந்த ஊரும்மா?”

“பஸ் ஏறுனப்புறம் சொல்றேன்” என்றாள்.

சரிம்மா என்றேன். காலையில் சீக்கிரம் எழுப்பும்படி நீலாம்பாளிடம் சொன்னேன். எங்கே போறீங்க என்று கேட்டாள். தெரியாது என்றேன்.