மெஷின் புரைக்குப் பூட்டு

அக். 6, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. குடைக் கம்பி ஒன்று ஒடிந்தது. நாகர்கோவிலில் ஏழு மணி பஸ், அருமனை சேரும்போது ஒன்பது. பல்வலி, இடது பக்கம்.

இன்று அளந்தவை: மூன்று ரப்பர்த் தோட்டங்கள், இந்த ஊர்ப் பேச்சில் விளைகள். மொத்தம் நாற்பத்தொன்று. மீதி ஒன்பது.

வேலை என்னவென்று அண்ணன் போனில் கேட்டான். சொன்னேன்: வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் புது விதி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ரப்பர் சீட்டும் எந்த விளையில் வெட்டிய பால் என்று காட்ட வேண்டும். அந்த விளை காட்டை அழித்து உண்டாக்கியதாக இருக்கக் கூடாது. நான் ஒவ்வொரு விளையின் மூலையிலும் போனுடன் நின்று ஒரு பட்டனை அமுக்குகிறேன். "இதுக்கா எம்.ஃபில். படிச்சே?" என்றான். உலக வணிகத்துக்கு நாடு தயாராகிறது என்று பேப்பரில் தினமும் வருகிறது. இந்த ஊரில் அந்தத் தயாரிப்பு நான், ஒரு போன், ஒடிந்த குடை.

மழைக்கு மெஷின் புரையில் ஒதுங்கினேன். பால் உறைந்த பிறகு உருளையில் கொடுத்துத் தகடாகச் சீட்டு அடிக்கும் கொட்டகை. பதினோரு வீட்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். லில்லிபாயும் சரோஜமும் இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து விளைக்காரர்கள், இருவருக்கும் என்னைவிட ஐந்தாறு வயது கூடுதல். லில்லிபாய்க்கு அறுபது சென்ட், பட்டா உண்டு. மேலே சரிவில் சரோஜத்துக்கு நாற்பது சென்ட், பட்டா இல்லை.

பாலை உறையவிடும் தட்டு டிஷ். இருவரும் ஒரே டிஷ்ஷில் பால் ஊற்றினார்கள். ஏன் என்றேன். இங்கே எல்லாருக்கும் நான் 'டீச்சர்'.

"மழையில கிடைக்க நாலு சிரட்டை பாலுக்கு சீட்டு அடிக்க பற்றுமா டீச்சரே? ரெண்டு பேருக்கதும் ஒண்ணா ஊத்துனா ஒரு சீட்டு. இன்னைக்கு எனக்கு, நாளைக்கு அவளுக்கு. மழை விடுதது வரை இப்படித்தான்" என்றார் லில்லிபாய்.

"யார் முறை என்று மறந்துபோனால்?"

"நான் மறந்தா அவ சொல்லுவா. அவ மறந்தா நான் சொல்ல மாட்டேன்."

"அது உள்ளதுதான்" என்றார் சரோஜம், டிஷ்ஷிலிருந்து தலை தூக்காமல்.

சரோஜத்தின் விளையைப் போன் வரைபடம் காடு என்று பச்சையாகக் காட்டுகிறது. சொன்னேன். "காடா? எனக்க கெட்டினவரு நட்ட ரப்பரு. ஒரு கொரங்கு கூட கிடையாது." போனை வாங்கி நெருக்கிப் பார்த்தார். "ரோட்டுல நிக்க புளியமரம் ஆருக்க காடாம்?"

பட்டா இல்லை, வரைபடத்தில் காடு; ஏற்றுமதிப் பட்டியலில் சரோஜத்தைச் சேர்க்க முடியாது. அதை இன்று சொல்லவில்லை.

அக். 8, புதன்

தூறல். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று. பல் டாக்டர் அடுத்த வாரம்தானாம்.

வெள்ளிக்கிழமை, வாங்குகிறவர்கள் அனுப்பும் ஆய்வாளர் வருகிறார். ஒரு புரையில் சீட்டு அடிப்பவர்களை ஒரே குழுவாகப் பார்ப்பார். பதினோரு வீட்டில் பட்டியலில் இருப்பவை பத்து. பட்டியலில் உள்ள பாலோடு இல்லாத பால் ஒரு சொட்டு சேர்ந்தாலும் குழு முழுதும் போகும். லில்லிபாயைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். இனி ஒன்றாக ஊற்ற வேண்டாம், வெள்ளிக்கிழமையாவது.

லில்லிபாய் காலி வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "இத அவகிட்ட ஆரு செல்லுதது? நீங்க செல்லுதியளா?"

நாளை சொல்கிறேன் என்றேன்.

எம்.ஃபில். ஆய்வில் உலகச் சந்தையில் நுழைவதன் நன்மைகளை நூற்றறுபது பக்கம் எழுதியிருக்கிறேன். அப்போது கைவிரல்கள் எல்லாம் மை. வழிகாட்டி பாராட்டினார். அதில் எந்தப் பக்கத்திலும் இரண்டு பெண்கள் ஒரு டிஷ்ஷோடு நிற்கவில்லை.

அக். 9, வியாழன்

பலத்த மழை. போகவில்லை. சரோஜத்திடம் சொல்லவும் இல்லை. போனில் சொல்லியிருக்கலாம்.

அக். 10, வெள்ளி

கோணலாகிப் போனது.

ஆய்வாளர் பெங்களூர்க்காரர், நாற்பது வயது, மெதுவான பேச்சு, நல்ல தமிழ். ரப்பர் விளைக்காரர் சங்கச் செயலாளர் ஞானசிகாமணி வெள்ளை வேட்டியில். விளைகளைப் பார்த்துவிட்டுப் பதினொன்றரைக்கு மெஷின் புரை. லில்லிபாய் தன் பாலை மட்டும் டிஷ்ஷில் ஊற்றி வைத்திருந்தார். பாதிகூட இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது சரோஜம் வந்தார். ஒரு கையில் வாளி, மறு கையில் வாழையிலை மூடிய பாத்திரம்.

"எட்டி, வெளியூரு ஆளு வந்து நிக்கும்ப டிஷ்ஷு இப்படியா கெடக்கது?"

ஒருவரும் வாய் திறக்குமுன் வாளியை அதில் கவிழ்த்தார். டிஷ் நிறைந்தது. லில்லிபாயைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

"இது யாருடைய பால், மேடம்?" ஆய்வாளர் என்னைத்தான் கேட்டார்.

"எனக்கதுதான் சாரே. பயப்படாண்டாம், நல்ல பாலு. ஒரு சொட்டு வெள்ளம் சேக்கல்ல."

பாத்திரத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகுச் சம்மந்தி. ஆய்வாளருக்காகக் கொண்டுவந்தது. அவர் நின்றபடியே சாப்பிட்டார், இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார், கை கழுவினார். பிறகு பேனாவைத் திறந்து நிதானமாக எழுதினார். மரியாதையான மனிதர்.

வியாழக்கிழமை மழையிலும் நான் போயிருக்க வேண்டும்.

அக். 13, திங்கள்

மேகமூட்டம். மழை இல்லை. துணி காயவில்லை.

குழுவையே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஞானசிகாமணி போனில் கத்தினார். "மூணு மாசம் நனைஞ்சு ஓடுனது ஒரு வாளி பாலுல போச்சு டீச்சரே! அந்தப் பொம்பளைய ஆரு அஞ்ச உள்ள விட்டது?"

யாரும் விடவில்லை. எப்போதும் இருக்கிற இடத்தில் இருந்தார்.

ஒரு வாரத்துக்குள் சரிசெய்தால் திரும்பச் சேர்ப்பார்களாம். வேண்டியவை:
புரைக்குப் புதுப் பூட்டு.
பட்டியலில் இல்லாதவர் நுழையக் கூடாது என்று பலகை.
புரை இருக்கும் இடத்தின் வரைபடப் புள்ளி.

பலகைக்கான வாசகம் என் வேலை. 'தயவுசெய்து தவிர்க்கவும்' என்று எழுதினேன். அடித்தேன். 'பிறர் நுழையவோ பால் கொண்டுவரவோ அனுமதி இல்லை' என்று எழுதினேன். இதில் கொஞ்சம்கூடக் கெட்ட வார்த்தை இல்லை. ஆனாலும் பெயின்டர் எழுதி முடிக்கும்வரை நிற்க முடியாமல் எதிர்க் கடைக்குப் போய்விட்டேன்.

அக். 15, புதன்

மதியத்துக்குப் பிறகு மழை.

புரை வாசலில் நின்று பட்டனை அமுக்கினேன். பச்சை. வரைபடத்தில் காடு. மறுபடி அமுக்கினேன். பச்சை. புரை நிற்பது சரோஜத்தின் விளையில். சமமான இடம் அங்கேதான் என்று அவர் கணவர் வாய்ச்சொல்லாகக் கொடுத்தது. எல்லாருக்கும் தெரியும், என்னிடம் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞானசிகாமணியைக் கூப்பிட்டேன். கொஞ்சம் யோசித்தார். "பத்தடி கீழ எறங்கி லில்லியக்காக்க விளையில நின்னு அமுக்குங்க டீச்சரே. பத்தடியில லோகம் முங்கிப் போவாது."

இறங்கினேன். பத்தடி இல்லை. பதினேழு எட்டு எடுத்துவைத்தேன். ஒரு பலாமரத்தடி.

மேலேயிருந்து சரோஜம் குரல். "டீச்சரே, புரை இஞ்ச அல்லவா? அஞ்ச என்னத்துக்கு நிக்கீய?"

"சிக்னல் கிடைக்கவில்லை" என்றேன். அமுக்கினேன்.

பிறகு பலகையை மாட்டினோம். சரோஜம் முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, எழுத்துக் கூட்டாமல் ஒரே மூச்சில் வாசித்தார்.

"அப்பம் எனக்க விளையில நான் கேறாண்டாம்."

என்னென்னவோ சொன்னேன். விதி, குழு, பத்து வீடு. நானே கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

"செரி, பூட்டுங்க" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தாக்கோல எனக்க கையில தந்திட்டுப் போங்க. தெனமும் காலத்த எல்லாருக்கும் திறந்து குடுக்கது நான்தானே."

பழைய பூட்டின் சாவி இத்தனை வருஷமும் அவரிடம்தான் இருந்ததாம். புதுச் சாவி பட்டியலில் உள்ளவரிடம் இருக்க வேண்டும், லில்லிபாயிடம் கொடுக்கிறேன் என்றேன்.

லில்லிபாய் கையை நீட்டவில்லை. "அவள வெளியில நிறுத்திட்டு நான் தாக்கோலும் பிடிச்சிட்டு நிக்கணுமா? எனக்கு வேண்டாம்."

"வாங்குட்டி, சும்மா நாடகம் ஆடாத" என்றார் சரோஜம். லில்லிபாய் அதற்குள் படியிறங்கிப் போய்விட்டார்.

நாலு மணி பஸ் வந்துவிட்டது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். யாரிடமாவது கொடுத்திருக்க வேண்டும். யாரிடம்?

அக். 16, வியாழன்

அருமனை பஸ்ஸில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. மழை.

பத்து மணிக்கு ஞானசிகாமணியின் போன். பத்து வீட்டுப் பாலும் வாளிகளில் புரை வாசலில் நிற்கிறதாம், பூட்டைத் திறக்க ஆள் இல்லையாம். "தாக்கோலு ஆருக்க கையில?"

"என்னிடம். நாகர்கோவிலில்."

வெட்டிய பால் மதியத்துக்குள் டிஷ்ஷில் விழ வேண்டும். தாமதித்தால் வாளியிலேயே கட்டிவிடும், சீட்டாகாது. எனக்கு இப்போது அது தெரியும்.

பூட்டை உடைத்துவிடுங்கள் என்றேன்.

"உடைக்கப் போனோம் டீச்சரே. சரோசம் விட மாட்டேங்கா. வாசல்ல குறுக்க இருக்கா. 'சங்கத்துக்க பூட்டு, சங்கத்துக்க பலகை. டீச்சரு எழுதுனது. டீச்சரே வந்து திறக்கட்டு'ங்கா."

"லில்லிபாய் சொல்லிப் பார்க்கக் கூடாதா?"

"லில்லியக்காவும் அவ பக்கத்துலதான் இருக்கு."

பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள், யாரோ சிரித்தார்கள். இணைப்பு அறுந்தது.

மணி பதினொன்று இருபது. தக்கலையில், பாதி வழியில், பஸ் நிற்கிறது. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்கிறார்.