மல்லாட்டைக் கொல்லையில் நிற்கும் படகு

என் கண்ணு,

திண்டிவனத்தில் நல்ல மழை. நீ புதுச்சேரியில் பழசாக வாங்கி, லாரியில் ஏற்றிவந்து கடலை விளையும் நம் மல்லாட்டைக் கொல்லையில் நிறுத்திய பாய்மரப் படகு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. வெடிப்புகளையெல்லாம் நானே அடைத்தேன். உள்ளே ஃபேனும் மாட்டியாயிற்று.

நீ கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து உன் அம்மா அதில்தான் குடியிருந்தாள். "புள்ள வந்தா நேரா இங்கதான் வருவான்" என்பாள். நானும் துணைக்குப் படுத்துக்கொள்வேன்.

போன மாதம் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு முட்டி ஆபரேஷன். இனி படகின் ஏணியில் ஏறக்கூடாதாம். வீட்டில் அவளுக்குத் தூக்கமே வரவில்லை. அதனால் நேற்று படகின் பக்கவாட்டில், தரையோடு ஒரு வாசல் அறுக்க ஆரம்பித்தேன்.

வாள் சத்தம் கேட்டு வாக்கரை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டாள். "இன்னாங்க பண்ணிக்கினு இருக்கீங்க? இப்படி அறுத்துட்டா, அவன் வந்து தண்ணியில உடும்போது எப்படி மெதக்கும்?"

காணாமல்போன உன் கப்பலைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று அவளிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. அறுத்துக்கொண்டே இருந்தேன்.

வெகுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, அறுபட்ட பலகை கீழே விழாமல் ஒரு கையால் தாங்கிக்கொண்டாள்.

உன்
அப்பா