பிடியரிசியில் வந்த பெட்டி

பாளையங்கோட்டை, 1913

அன்புள்ள அத்தானுக்கு,

காலையில் பள்ளிக்கு வந்ததும் நீங்கள் மதராஸிலிருந்து அனுப்பிய பெட்டியைத்தான் திறந்தேன். பள்ளி நூலகத்துக்காக விடுதிப் பிள்ளைகள் தங்கள் சோற்றில் ஆளுக்கொரு பிடி அரிசியைக் குறைத்து, விற்றுச் சேர்த்த பணத்தைத்தான் புத்தகங்கள் வாங்க உங்களிடம் கொடுத்திருந்தோம். நட்சத்திரங்கள், கப்பல் பயணம் என்று அவர்களே கூடித் தேர்ந்தெடுத்ததில் ஒன்றுகூட வரவில்லை. பெட்டி நிறைய, மனைவியின் கடமைகளைப் பற்றி நீங்கள் எழுதிய புத்தகமே இருந்தது.

"ஏட்டி, நாம அரை வயிறா கெடந்தது இதுக்கா?" என்றாள் சாரம்மாள்.

"கரையானுக்கும் பசிக்கும்லா. அதுக்கு வாங்கியிருப்பாவ," என்றாள் லில்லி.

கண்டிக்க வாய் திறந்தேன், சிரிப்புத்தான் வந்தது.

பொறுமையைப் பற்றிய அதிகாரம் நன்றாக இருக்கிறது. அதை எழுதிய அன்று, ஆறிப்போன கஞ்சிக்காகக் கும்பாவைச் சுவரில் எறிந்தீர்கள். சுவரைத் துடைத்துவிட்டு நான்தான் அந்த அதிகாரத்தைப் படியெடுத்தேன்.

பெட்டியை ஆணியடித்து ரயிலில் உங்களுக்கே அனுப்புகிறேன். பிள்ளைகள் கேட்டதை உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கி அனுப்புங்கள். அவை வரும்வரை விடுதியில் தங்குவேன் என்று தலைமையாசிரியையிடம் சொல்லியிருக்கிறேன். வந்த பிறகும் நான் வீடு திரும்பப் போவதில்லை. அதை உங்களைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தை முழுவதும் வாசித்த ஒரே பெண்