வண்டி கழுவிய தண்ணீர்

ஞாயிறு, இரவு பத்து மணி.

ஒற்றைச் சக்கர சைக்கிளைப் பின்னோக்கி ஓட்ட மூன்று மாதமாகத் தினமும் பழகுகிறேன். பெருங்களத்தூரில் எங்கள் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் லிஃப்டிலிருந்து கேட் வரை விழாமல் போய்விடுவேன். அந்தத் தைரியத்தில்தான் இன்று காலை கூடுவாஞ்சேரி மைதானத்தில் நண்பர்கள் முன்னால் ஏறினேன். நான்கு முறை ஏறி நான்கு முறையும் விழுந்தேன். தரை சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் என் மனைவி ஸ்டெல்லா பார்க்கிங்கில் எங்கள் ஸ்கூட்டரைக் கழுவினாள். தண்ணீர் லிஃப்ட் பக்கத்திலிருந்து நேராகக் கேட்டுக்கு ஓடியது. நான் தினமும் ஓட்டும் அதே வழி. பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்னங்க, இறக்கம்னு தெரிஞ்சுதானே இத்தன நாளா இந்தப் பக்கமா ஓட்டுறீங்க?" என்றாள்.

தெரியும் என்றேன்.

அவள் மேலே போனதும் கேட்டிலிருந்து லிஃப்ட் பக்கமாகப் பின்னோக்கி மிதித்தேன். பெடல் மூன்று சுற்றுதான். அந்த ஈரத்திலேயே விழுந்தேன். முழங்கை இன்னும் எரிகிறது. அவள் சிரித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். பஞ்சில் மருந்தைத் தொட்டு வைத்துக்கொண்டே, "எந்தப் பக்கமா போய் விழுந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.